பெயரை வாங்கினேன், கடிதங்களும் வந்தன

நிக்டியில் எங்கள் சொசைட்டிக்குக் குடிவந்த புதிதில், மேல்மாடியில் இருக்கும் மராத்திக்கார அம்மாள் லிஃப்டில் வைத்து, வீட்டிலிருந்தபடி என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். இணையத்தில் பெயர்களை வாங்கி விற்கிறேன் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். ஒரு வாரம் கழித்துத் தன் மருமகளையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். எண் கணிதம் பார்த்துக் குழந்தைக்குப் பெயர் வைத்துத் தர வேண்டுமாம். டீ போட்டுக் கொடுத்து, அது வேறு, இது வேறு என்று விளக்கினேன். தலையாட்டிக்கொண்டு போனார். புரிந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்லிவிடுகிறேன். கடையோ கம்பெனியோ நடத்துகிறவர்களுக்கு இணையத்தில் ஒரு முகவரி வேண்டும். அந்த முகவரியின் கடைசியில் ஒரு புள்ளி வைத்து இரண்டு எழுத்து வந்தால், அது பெரும்பாலும் ஒரு நாட்டைக் குறிக்கும். நம் நாட்டுக்கு 'இன்'. முகவரியாக வரும் முழுப் பெயரை டொமைன் என்பார்கள். ஒரு பெயரை ஒருவர்தான் வைத்துக்கொள்ள முடியும். அதுவும் முழுச் சொந்தமில்லை, குத்தகை மாதிரி. கட்டணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல பெயராகப் பார்த்து முதலிலேயே பதிவு செய்துவைத்து, பிறகு அது தேவைப்படுகிறவருக்கு விற்பதுதான் என் தொழில்.

கோயம்புத்தூரிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள் நான். கணவருக்கு சிஞ்ச்வட்டில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. நானும் பக்கத்திலேயே ஒரு ஐடி கம்பெனியில் இருந்தேன். அந்த அலுவலகத்தை நகரத்தின் மறுகோடிக்கு மாற்றினார்கள். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். எட்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு போய் வந்தேன். சின்னவள் பள்ளியில் சேர்ந்த வாரம் வேலையை விட்டேன். கூட வேலை பார்த்த ஒருத்தி பொழுதுபோக்காகச் செய்துகொண்டிருந்ததைப் பார்த்துத்தான் இந்தத் தொழில் பழக்கமாயிற்று.

ஆரம்பத்தில் நான் வாங்கிய பெயர்களை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. எங்கள் ஊர்ச் சாப்பாட்டின் பெயர்களாகப் பதினொன்று வாங்கினேன். ஒப்புட்டுக்கு ஒன்று, அரிசிம்பருப்பு சாதத்துக்கு ஒன்று. எவனாவது ஒருவன் ஓட்டல் திறக்காமலா போவான் என்று கணக்கு. ஒருவன்கூடத் திறக்கவில்லை. ஐரோப்பாவில் ஒரு நாட்டின் எழுத்துகள் டீத்தூள் கடைக்குப் பொருத்தமாக இருக்கின்றன என்று அதில் ஒன்று வாங்கினேன். அந்த நாட்டில் விலாசம் உள்ளவர்களுக்கு மட்டுமே உண்டு என்ற விதியைப் படிக்கவில்லை. நிக்டி விலாசத்தைப் பார்த்ததும் ரத்து செய்துவிட்டார்கள்.

முதலில் விற்றது தளேகாவில் கல்யாண மேடை அலங்காரம் செய்யும் ஒருவருக்கு. கத்தரிக்காய் வாங்குவது போல முக்கால் மணி நேரம் போனில் பேரம் பேசினார். கடைசியில் வாங்கிக்கொண்டு, "தாயி, உங்கள் வீட்டில் விசேஷம் வந்தால் மேடை என் செலவு" என்றார். அதற்குப் பிறகு கை பழகிவிட்டது. புதிதாகப் பெயர் யோசிப்பதைவிட, யாரோ புதுப்பிக்காமல் விட்ட பழைய பெயர்களைப் பிடிப்பதில்தான் காசு என்று தெரிந்துகொண்டேன். கெடு முடிந்த பெயரை உடனே பிடுங்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். இரண்டு, இரண்டரை மாதம் பழைய உரிமையாளருக்காகக் காத்திருப்பார்கள். அவர் வரவில்லையென்றால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அப்படி விடுபடும் பெயர்களின் பட்டியல் தினமும் வரும். குழந்தைகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, காபியோடு உட்கார்ந்து அதைப் பார்ப்பேன்.

அப்படித்தான் அந்தப் பெயர் கிடைத்தது. அது என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு சின்ன ஆங்கிலச் சொற்கள், சேர்த்து எழுதியது. வீட்டில் இருக்கும் முதியவர்களைக் கவனித்துக்கொள்வது என்று பார்த்ததும் புரியும். அந்த மாதிரிப் பெயர் பட்டியலில் வருவதே அபூர்வம். எனக்கு முன்னால் யாராவது எடுத்துவிடுவார்களோ என்று காபியைக்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். கிடைத்துவிட்டது.

வழக்கமாகச் செய்கிற இரண்டு வேலைகளை அன்றும் செய்தேன். 'இந்தப் பெயர் விற்பனைக்கு' என்று ஒரு பக்கம் போட்டேன். அந்த முகவரிக்கு யார் எந்தப் பெயரிட்டு மெயில் அனுப்பினாலும் எனக்கு வந்து சேரும்படி அமைத்தேன். வாங்க நினைப்பவர்கள் சில நேரம் பக்கத்தைப் பார்க்காமல் நேராக மெயில் போடுவார்கள், அதற்காகத்தான். இதில் தப்பு எதுவும் எனக்குத் தோன்றியதில்லை. அதுவரை வந்ததெல்லாம் குப்பைதான்.

இந்த முறை வந்தது குப்பை இல்லை. முதல் மெயில், பெரியவர்களுக்கான டயப்பர்களின் விலைப் பட்டியல். அடுத்தது, பன்னிரண்டாவது படித்துவிட்டு உதவியாளர் வேலை தேடும் ஒரு பெண்ணின் விண்ணப்பம். மூன்றாவது வெளிநாட்டிலிருந்து ஒருவர் எழுதியது. ஒன்றாம் தேதியிலிருந்து அம்மாவுக்குப் பகலில் துணைக்கு ஆள் வேண்டும், பழையபடி நீங்களே ஏற்பாடு செய்ய முடியுமா, ஆபீஸ் நம்பர் போகவில்லையே என்று கேட்டிருந்தார்.

அதைப் படித்ததும் எனக்கு விஷயம் விளங்கியிருக்க வேண்டும். இது மூடிப்போன தொழில் இல்லை, எங்கோ நடந்துகொண்டிருக்கிறது, அவர்களுக்கு முகவரி போனதே தெரியாமல் இருக்கலாம். விளங்கியது என்பதுதான் உண்மை. ஆனால் அதே நாளில் இன்னொரு மெயிலும் வந்திருந்தது. வேறு ஊரில், முதியோர் கவனிப்பில் புதிதாக இறங்கும் ஒரு கம்பெனி அந்தப் பெயரை விலைக்குக் கேட்டது. பழைய வேலையில் மூன்று மாதச் சம்பளத்தை விட அதிகம். இத்தனை வருடத்தில் அவ்வளவு பெரிய தொகையை எனக்கு யாரும் சொன்னதில்லை.

மாலையில் கணவர் வந்ததும் சொன்னேன்.

"வித்துப்போடு. இதுல என்ன ரோசனை?" என்றார் அவர், சாக்ஸைக் கழற்றிக்கொண்டே.

"இல்லீங்க, பழைய ஆளுங்க இன்னும் தொழில் பண்ணிட்டு இருக்காங்க போலிருக்குதுங்க. அவங்க மெயில் எல்லாம் எனக்கு வருது."

"நீ என்ன திருடிட்டா வந்த? அவங்க ரெண்டு மாசம் பாக்காம உட்டுட்டாங்க. நீ காசு கட்டி எடுத்த. சட்டப்படி உன்னுதுதானே?"

"சட்டப்படி என்னுதுதானுங்க."

"அப்பறமென்ன?"

அவர் சொன்னதில் பிழையில்லை. எனக்கும் அந்த வார்த்தைதான் வேண்டியிருந்தது. கம்பெனிக்குப் பதில் எழுதினேன். அதிலும் அவர்கள் சொன்ன விலையை ஒப்புக்கொள்ளாமல் இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கேட்டேன். அம்மாவுக்கு ஆள் கேட்டவருக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. நான்கு நாள் அந்த மெயில் பெட்டியைத் திறக்காமலே இருந்தேன். திறக்காவிட்டால் எனக்கு எதுவும் தெரியாது என்று பெயர்.

ஐந்தாம் நாள் கம்பெனியின் பதிலைப் பார்க்கத் திறந்தேன். அது வரவில்லை. அந்த இடத்தில் நீளமான ஒரு கடிதம் இருந்தது. எழுதியவர் ஒரு பெண். ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். முதல் வரியே, "இதற்கு முன் இரண்டு முறை அனுப்பினேன், இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டது, இது மூன்றாவது முறை" என்று இருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். முழுவதையும் படித்தேன்.

அவருடைய அப்பா தாபோடியில் தனியாக இருந்திருக்கிறார். தொழிற்சாலை ஒன்றில் வரைபடப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். கடைசி ஒன்றரை ஆண்டு இந்த ஏஜென்சியின் ஆட்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். முடியாமல் போன கடைசி வாரம், ஏஜென்சி நடத்தும் அம்மையாரே தினமும் வந்து உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கூடாது, என் கட்டிலிலேயே இருக்கிறேன் என்று பெரியவர் முன்பே எழுதிக் கொடுத்திருந்தாராம். அதன்படியே நடந்தது. மகளுக்கு விமானம் கிடைத்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கடிதத்தின் முக்கியமான பகுதி அதற்குப் பிறகுதான். மூன்றாம் நாள் அந்த அம்மையார் துக்கம் விசாரிக்க வீட்டுக்குப் போயிருக்கிறார். சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில் சித்தப்பா ஒருவர் எழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் விட்டு அண்ணனைக் கொன்றுவிட்டாய் என்று எல்லோர் முன்னாலும் கத்தியிருக்கிறார். மகள் எழுதியிருந்தது இது: "நான் அங்கேயே நின்றேன். அப்பாவின் விருப்பம் அதுதான் என்று எனக்குத் தெரியும். எழுதிக் கொடுத்த தாளின் நகல் என் பையில் இருந்தது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பா கேட்டதை நீங்கள் செய்தீர்கள். நான் பக்கத்தில் இருந்திருந்தால் எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது. என்னை மன்னியுங்கள்."

சமையலறையில் குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. எத்தனை என்று எண்ணத் தவறிவிட்டேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

இணையத்தில் பழைய பக்கங்களைப் படம் பிடித்துச் சேர்த்துவைக்கும் தளம் ஒன்று உண்டு. அதில் தேடி அந்த ஏஜென்சியின் பழைய பக்கத்தை எடுத்தேன். போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. கட்கியில், கன்டோன்மென்ட் பக்கம் ஒரு விலாசம் இருந்தது. மறுநாள் குழந்தைகளை அனுப்பிவிட்டு, கடிதத்தையும் ஆள் கேட்டு வந்திருந்த மெயிலையும் அச்செடுத்துக்கொண்டு, ஆகுர்டியில் லோக்கல் ரயில் ஏறினேன்.

கட்கியில் இறங்கி இரண்டு இடத்தில் கேட்டதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். மாதா கோவிலுக்குப் பின்னால் வரிசையாக ஓட்டு வீடுகள். முன்னறைதான் ஆபீஸ். சுவரில் ஒரு கறுப்புப் பலகை. அதில் சாக்பீஸால் உதவியாளர்களின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே பகுதி, பகல் அல்லது இரவு. பலகையின் பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தது. மேஜைக்குப் பின்னால் ஐம்பத்தைந்து வயதிருக்கும் அம்மையார், காட்டன் புடவை, நரைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். போனில் மராத்தியில் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். கையால் நாற்காலியைக் காட்டினார்.

நான் உட்காரும்போது என் போன் அடித்தது. கணவர். "வந்து சேந்துட்டேனுங்க, அப்பறம் கூப்புடறேன்" என்று சொல்லி வைத்தேன்.

அவர் தன் போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அரே, தமிழா நீங்க? கோயமுத்தூர் பக்கமா? சொல்லுங்க மா, யாருக்கு ஆள் வேணும்? மாமியாருக்கா?"

கன்டோன்மென்ட் பக்கம் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பம் என்று பிறகு தெரிந்தது. வழியெல்லாம் இந்தியில் பேசிப் பார்த்துவைத்திருந்தேன். அதை எல்லாம் தமிழில் புரட்டிப் போட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று. உங்கள் இணைய முகவரி கெடு முடிந்து போய்விட்டது, அது இப்போது என்னிடம் இருக்கிறது என்றேன்.

அவருக்கு முதலில் பிடிபடவில்லை. "கெடுவா? அத என் தம்பிதான் பாத்துட்டு இருந்தான். கம்ப்யூட்டர் வேலையெல்லாம் அவன்தான். ஹார்ட் அட்டாக். போன வருஷம் போய்ட்டான் மா. பொறவு யாரும் ஒண்ணும் கட்டச் சொல்லி வரலியே."

"ஞாபகப்படுத்தற மெயிலெல்லாம் உங்க தம்பி பேருக்குத்தானுங்க போயிருக்கும்."

"ஆபீஸ் நம்பரும் அவன் பேர்ல இருந்துச்சு. ரீசார்ஜ் பண்ணாம அதுவும் பந்த் ஆயிடுச்சு." சுவரிலிருந்த பலகையைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப மெயில் வராததுக்கு இதானா காரணம்? ஃபாரின்ல இருக்கறவங்க ஒருத்தரும் எழுதல. நம்மள விட்டுட்டாங்கன்னு நெனச்சேன். ரெண்டு பொண்ணுங்கள வேற எடம் பாத்துக்கன்னு நானே அனுப்பிட்டேன், தெரியுமா?"

"மெயில் இப்ப வருதுங்க அக்கா. எனக்கு வருது."

இதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. "மத்லப்? அப்படின்னா, எனக்கு வர்றத நீங்க படிக்கிறீங்க?"

"ஆமாங்க."

"எவ்ளோ நாளா?"

"ரெண்டு வாரமாச்சுங்க."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். எழுந்து கதவுப் பக்கம் போய், வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். "ஜனங்க அவங்க வீட்டு விஷயமெல்லாம் அதுல எழுதுவாங்க மா. யாருக்கு படுக்கையில போவுது, யாருக்கு புத்தி தப்புது, எந்த மவன் காசு அனுப்பல. என்ன நம்பி எழுதுறது. நீங்க சோஃபால உக்காந்து படிச்சிருக்கீங்க." பிறகு திரும்பினார். "சரி. சாஃபா, நேரா சொல்லுங்க. எவ்ளோ பைசா வேணும்?"

அதற்காக வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஐந்து நாளுக்கு முன் இதே பெயருக்கு ஒருவரிடம் விலையை ஏற்றிக் கேட்டவள்தானே நான். அவர் என்னைப் பற்றி நினைத்தது பொய்யென்று சொல்ல எனக்கு வழியில்லை.

"ஒருத்தர் வெலைக்குக் கேட்டாங்க. நானும் குடுக்கறதாத்தான் இருந்தேனுங்க" என்றேன். "நேத்து இந்தக் கடுதாசி வந்துச்சு. இத உங்ககிட்டக் குடுக்காம என்னால வேற எதையும் பண்ண முடியல."

அச்செடுத்த தாளை மேஜைமேல் வைத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, அனுப்பியவரின் பெயரைப் பார்த்தார். உடனே தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"இது தாபோடி பார்ட்டி. போலீஸ் கேஸ் குடுக்கறாங்களா?"

"இல்லீங்க அக்கா. படிங்க. நல்ல கடுதாசிதானுங்க."

படித்தார். உதடுகள் அசைய, நிதானமாக. இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் நின்று மறுபடி மேலே போனார். வெளியே ஒரு டெம்போ ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது. முடித்ததும் கண்ணாடியைக் கழற்றாமலே புடவைத் தலைப்பால் கண்களைத் துடைக்கப் பார்த்தார். கண்ணாடி நெற்றிக்கு ஏறிக்கொண்டது.

"ஏழு மாசம்" என்றார். "ஏழு மாசமா எனக்கு அதே ஓடுது மா. அவரு என் கையப் புடிச்சுட்டு, ஆம்புலன்ஸ கூப்புடாத, கூப்புடாதன்னு சொன்னாரு. பேப்பர் எழுதிக் குடுத்திருந்தாரு, சரி. ஆனா கடைசி நேரத்துல மூச்சு இழுக்கும்போது, போன எடுத்தேன், கீழ வெச்சேன், எடுத்தேன், வெச்சேன். தப்புப் பண்ணிட்டேனோன்னு சர்ச்சுக்குப் போனாலும் அதான் ஞாபகம். அந்தப் பொண்ணு அன்னிக்கி ஒண்ணும் பேசல. அவளும் அப்படித்தான் நெனைக்கறான்னு நான் முடிவு பண்ணிட்டேன்."

அவர் எழுந்து உள்ளே போய் இரண்டு கிளாஸில் டீ கொண்டுவந்தார். என் முன்னால் வைத்தபோது, "கோவம் போய்டுச்சுன்னு நெனைக்காதீங்க" என்றார். "டீ வேற, அது வேற."

அன்று மதியம்வரை அங்கேயே இருந்தேன். முதல் வேலையாக, அம்மாவுக்கு ஆள் கேட்டிருந்தவரின் மெயிலைக் கொடுத்தேன். நாளை மறுநாள் ஒன்றாம் தேதி. அவர் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். உடனே பிம்ப்ரியில் ஒரு பெண்ணுக்குப் போன் போட்டு ஏற்பாடு செய்து, பலகையில் அவள் பெயரை எழுதினார். அதன் பிறகு நான் பெயரைப் பதிவு செய்திருந்த அதே நிறுவனத்தில் அவர் பெயரில், அவர் போன் நம்பரில், புதுக் கணக்கு ஒன்றைத் திறந்து டொமைனை அதற்குள் மாற்றினேன். போனில் வந்த ஆறு இலக்க எண்ணை அவர் ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். மெயிலை அவர் போனுக்கே வரும்படி செய்தேன். என்னிடம் சேர்ந்திருந்தவற்றை எல்லாம் அவருக்கு அனுப்பிவிட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் பக்கத்தில் அழித்தேன்.

நான் பெயருக்குக் கட்டியிருந்த கட்டணத்தை மட்டும் பிடிவாதமாகக் கையில் கொடுத்தார். "இலவசமா குடுத்தீங்கன்னா நாளைக்கி நான் உங்களுக்குத் தேங்க்ஸ் சொல்லிட்டே இருக்கணும். எனக்கு அது முடியாது." வாங்கிக்கொண்டேன். ஐந்து வருடத்துக்கு அங்கேயே அவரே புதுப்பித்தார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது, அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எவ்வளவுன்னு சொன்ன அந்தக் கம்பெனிக்காரன்?" என்று மறுபடி கேட்டார். சொன்னேன். பெருமூச்சு விட்டார். "போச்சாது போ, போனாப் போகுது" என்றார். கை கழுவும்போது, "அந்தம்மா ரிப்ளை போட்டாங்களா அந்தப் பொண்ணுக்கு?" என்று கேட்டார். தெரியாதுங்க என்றேன். அது எனக்குத் தெரிய வேண்டிய விஷயம் இல்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

கம்பெனிக்கு, பெயர் விற்பனைக்கு இல்லை என்று என் சொந்த மெயிலிலிருந்து எழுதினேன். நல்ல நேரத்தில்தான் எழுதினேன் போலிருக்கிறது. நான் ஏற்றிக் கேட்ட விலைக்குச் சம்மதம் என்ற பதில் மறுநாள் வந்தது. அதை இரண்டு முறை படித்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

அதற்குப் பிறகும் இதே தொழிலைத்தான் செய்கிறேன். இரண்டு மாற்றம். மெயில்களை என்னிடம் வரும்படி அமைப்பதை நிறுத்திவிட்டேன். விடுபட்ட பெயரை எடுப்பதற்கு முன் பழைய பக்கத்தைத் தேடிப் பார்க்கிறேன். உயிரோடு இருக்கும் தொழில் என்று தோன்றினால் போன் செய்து, கட்டணம் கட்ட மறந்துவிட்டீர்கள் என்று சொல்கிறேன். எல்லோரும் நன்றி சொல்வதில்லை. நாசிக்கில் ஒரு குளிர்சாதனப் பெட்டிக் கடைக்காரர், நான்தான் ஏதோ ஏமாற்று வேலை செய்கிறேன் என்று முடிவு செய்து திட்டித் தீர்த்தார். அவர் பெயரைக் கடைசியில் வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். வருமானம் குறைந்ததா என்றால், கொஞ்சம் குறைந்தது.

ஜனவரி முடியும் சமயம் கட்கியிலிருந்து போன் வந்தது. "ஞாயித்துக்கெழம ஃப்ரீயா? அந்தப் பொண்ணு வந்திருக்கா. அப்பா வீட்ட காலி பண்ண. உங்களப் பத்திச் சொன்னேன். பாக்கணும்ங்கறா."

எனக்குப் போகப் பிடிக்கவில்லை. ஆனாலும் போகாமல் இருப்பது இன்னும் மோசமாகப் பட்டது. கணவரும் கூட வந்தார், துணைக்கு. தாபோடியில் மூன்றாம் மாடி. கூடத்தில் பாதி கட்டிய அட்டைப்பெட்டிகள். அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். ஜீன்ஸும் பழைய ஸ்வெட்டரும் போட்டு, தலையில் துணி கட்டியிருந்தார். கட்கி அக்கா சமையலறையில் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார், தன் வீடு போல.

அந்தப் பெண் என் எதிரில் வந்து நின்று ஆங்கிலத்தில் கேட்டார்: "என் கடிதத்தைப் படித்தது நீங்கள்தானா?"

"ஆமாம். மன்னிக்கணும்" என்றேன்.

"முழுவதுமா?"

"முழுவதும்."

தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டார். கோபமா, வெட்கமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "அதைப் படித்த யாரையும் நான் பார்க்க நேரும் என்று நினைத்ததில்லை" என்றார். "அது அப்பாவின் விருப்பம்தான் என்று சித்தப்பாவிடம் போன வாரம் சொல்லிவிட்டேன். அந்தத் தாளைக் காட்டினேன். காலையில் இந்தப் பெட்டிகளை அவர்தான் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்."

வேலை நிறைய இருந்தது. அலமாரிக்கு மேல் பெரியவரின் வரைபடச் சுருள்கள் ஐம்பது, அறுபது இருக்கும், எட்டாத உயரம். கணவர் நாற்காலிமேல் ஏறி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். உதிரிபாகங்களின் வரைபடம் பார்ப்பதுதானே அவர் தொழில். ஒன்றைப் பிரித்துப் பார்த்தவர் கீழே இறங்கவே இல்லை. "இங்க பாரு, எல்லாம் கையில போட்டதாக்கும். கோட்டப் பாரு, எவ்வளவு சுத்தம்" என்று என்னிடம் சொன்னார். அதை நான் ஆங்கிலத்தில் அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து, அது எந்த இயந்திரத்தின் பாகம் என்று கேட்டார். கணவர் தெரிந்த இந்தியில் விளக்க ஆரம்பித்தார்.

மூன்று மணிக்கு அக்காவின் போன் அடித்தது. தேஹு ரோடில் புதிதாக ஒரு வீடு. பக்கவாதம் வந்த அம்மாள். போய்ப் பார்க்க வேண்டும். கைகளைத் துடைத்துக்கொண்டு செருப்பு மாட்டினார். அந்தப் பெண் மூன்று மாடியும் அவரோடு இறங்கி, ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டு, அது திருப்பத்தில் மறையும்வரை நின்றிருந்துவிட்டுத்தான் மேலே வந்தார்.